2025 மே 12, அண்ணாவுக்கு

அண்ணா,

இருக்கைகளை விட்டுவிட்டேன். நேற்று மின்னஞ்சல் போட்டாயிற்று. ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களுக்கு, அரங்கின் முந்நூறாம் பகுதியில் நாங்கள் பருவத்துக்கு எடுத்து வைத்திருந்த எங்கள் இரண்டு இருக்கைகளும் வருகிற ஒக்டோபரிலிருந்து வேறு யாருக்கோ. உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. போன பருவத்துக்கு உங்கள் பாதிக் காசு வரவில்லை, பிறகு என்ன கேள்வி என்று இன்னொரு மனம் சொல்கிறது. அந்தக் காசை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று ஊரறிய எழுதுவதும் கேட்பதுதான் என்று அண்ணி சொல்லுவா. சொல்லட்டும்.

ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை, செய்தியைத் திறப்பதில்லை, ஆனால் நான் இங்கே எழுதுவதை மட்டும் ஒன்று விடாமல் வாசிக்கிறீர்களாம். சின்னவள் சொன்னாள். அவளைத் திட்டாதீர்கள்.

மே 12 வந்தால் எனக்கு உங்கள் கடைதான் ஞாபகம் வரும். 2019இல் அந்த நாளில்தான் எங்கள் கவாய் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. அதன் பிறகு கடைக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்ணெயில் கிடந்த றோல்ஸ் எல்லாம் கரியானதையும்தான். 2024இலும் இந்த வருடமும் புது ஆட்டக்காரர்களைத் தெரிவதற்கான குலுக்கல் அதே மே 12இல் வந்து தொலைத்தது. நிறையத் தோற்ற அணிக்குத்தான் அதில் முன்னுக்கு இடம் கிடைக்க வாய்ப்புக் கூட. இரண்டு தரமும் ராப்டர்ஸ் சறுக்கியது. போன வருடம் ஆறாம் இடத்திலிருந்து எட்டுக்கு. இந்த வருடம் ஏழிலிருந்து ஒன்பதுக்கு.

தோற்றால்தான் நல்லது என்ற என் கணக்கு பிழையில்லை, அண்ணா. இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் நல்ல ஆட்டக்காரர்களில் அனுனோபியை 2023 டிசம்பர் கடைசியில் வேறு அணிக்குக் கொடுத்தார்கள், ஜனவரியில் சியாக்கமையும் கொடுத்தார்கள். மார்ச் முதலாம் திகதி மிஞ்சியிருந்த ஸ்கொற்றி பார்ன்ஸின் கையும் முறிந்தது. அதற்குப் பிறகு வெல்வதால் யாருக்கு என்ன லாபம்? பேர்ட்ல் என்ற பழைய ஆட்டக்காரனைச் சான் அன்ரோனியோ அணியிடமிருந்து திருப்பி எடுத்தபோது அந்த வருடத்தின் முதல் சுற்றுத் தெரிவை அவர்களுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். முதல் ஆறு இடத்துக்குள் வந்தால்தான் அது எங்களுக்கு. எவ்வளவு தோற்கிறோமோ அவ்வளவு நல்லது. கடைசியில் 25 வெற்றி, 57 தோல்வி. தெரிவு எங்களிடம் நிற்க 45.8 வீதம் வாய்ப்பு. பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நாணயத்தைச் சுண்டினோம், தெரிவு கைவிட்டுப் போய்விட்டது. அதற்காகச் சுண்டியதே பிழை என்று சொல்ல முடியுமா?

நீங்கள் சொல்லுவீர்கள். சொன்னீர்கள்.

அந்த இரவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் தொடங்கினேன். 2024 மார்ச் 20, சாக்ரமெண்டோவுடன். வெளிச்சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும், வெள்ளித்தாளில் சுற்றிய றோல்ஸ் இரண்டை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தீர்கள். கடையில் மிஞ்சியவை. அந்த மாதங்களில் நிறைய மிஞ்சியது, இல்லையா? நான் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்டக்காரன் ஜொன்ரே போர்ட்டர் மூன்று நிமிடம்கூட ஆடவில்லை. வருத்தம், உடம்பு ஏலாது என்று சொல்லி வெளியே போனான். நீங்கள் முன்னே குனிந்து, அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பாவம், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றீர்கள். யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் உங்களுக்கு முதலில் சாப்பாடுதான் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு ஆட்டம் என்ற பேரில் நடந்ததை என்ன சொல்ல? 123க்கு 89. பந்து கை மாறிப் போகும்போது ஒருவனும் திரும்பி ஓடவில்லை. மூன்றாம் குவாட்டரில் எதிரணி தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்க, நான் போனில் தரவரிசையைத் திறந்து வைத்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் கை தட்டியும்விட்டோம் என்று நினைக்கிறேன்.

"என்னத்துக்கடா சிரிக்கிறாய்?"

நான் விளக்கினேன். சான் அன்ரோனியோ, ஆறாம் இடம், வாய்ப்பு வீதம் எல்லாம். நீங்கள் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பாரெட்டின்ரை தம்பி செத்து ஒரு கிழமைதான் ஆகுது. நீ எத்தனையாம் இடமெண்டு எண்ணிக்கொண்டிருக்கிறாய்." பாரெட் அப்போது எங்கள் அணியில் இருந்தவன்.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் முழுக்கப் போகவில்லை. ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது சாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால் எதிராளி என்ன பதில் சொல்வான்? வாதத்தில் உங்களுக்கு இது ஒரு பழக்கம். அம்மாவுக்கும் தெரியும்.

யூனியன் நிலையத்திலிருந்து ஒன்றும் பேசாமல் ரயிலில் வந்தோம். புளோரில் மாறினோம். டொன் பள்ளத்தாக்குப் பாலத்தில் ரயில் போகும்போது, கீழே இருட்டைப் பார்த்துக்கொண்டு நான் அதைச் சொன்னேன். "சிலதை நேரத்துக்குக் கைவிடத் தெரிய வேண்டும், அண்ணா. உங்களுக்கு அது தெரியாது. அதனால்தான் கடையும் இப்படிக் கிடக்கிறது."

கடைக் கணக்கை இங்கே எழுத மாட்டேன். யார் கொடுத்தார், யார் கையெழுத்து வைத்தார், யார் பிறகு கையை விரித்தார் என்பதெல்லாம் குடும்பத்துக்குள் இருக்கட்டும். இதை வாசிக்கிற ஒருவருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அவ்வளவு போதும்.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ரயிலுக்குள் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கெனடி வரைக்கும் வாசித்துக்கொண்டு வந்தீர்கள். எங்கள் பக்கத்து ரயிலைத்தான் அதற்கு முந்தின வருடமே நிறுத்திவிட்டார்களே, பஸ்ஸுக்கு நின்றோம். சரியான குளிர். அப்போதுதான் ஜக்கெற்றுக்குள் கையை விட்டு ஒரு றோலை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். முகத்தைப் பார்க்காமல். நான் வாங்கித் தின்றேன். நல்ல ருசி. அதையும் நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 17ஆம் திகதி போர்ட்டருக்கு வாழ்நாள் தடை என்று செய்தி வந்தது. தன் உடல்நிலையைப் பந்தயக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான், சூதாட்டத்துக்காகவே ஆட்டத்தைக் குறைத்திருக்கிறான். மார்ச் 20 என்று திகதி போட்டிருந்தார்கள். எங்கள் கண்முன்னே நடந்தது. உடனே போனை எடுத்தேன். "உங்கட வருத்தக்காரன்" என்று எழுதி, அந்தச் செய்தியையும் சேர்த்து உங்களுக்கு அனுப்பினேன். மத்தியானம், கடையில் ஆட்கள் நிற்கிற நேரம். நிற்க வேண்டிய நேரம்.

மன்னிப்புக் கேட்பது அதற்குத்தான். பாலத்தில் சொன்னதற்கு இல்லை. பாலத்தில் சொன்னது உண்மை, ஆறு மாதத்தில் கடை மூடியதே. ஆனால் ஒருவனுக்கு வருத்தம் என்று நீங்கள் இரங்கியதை எடுத்து, அதையே உங்கள் மேல் எறிந்தேன். அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணா. அதுதான் என்னால் விழுங்க முடியாமல் கிடக்கிறது.

அதற்காக ஒரு வருடம் கதைக்காமல் இருக்க வேண்டுமா? முயற்சி, முயற்சி என்று வாய் ஓயாமல் சொல்கிற ஆள் நீங்கள். 2001இல் அந்த நிலவறை வீட்டில், பிலடெல்பியாவில் எங்கள் வின்ஸ் கார்ட்டர் கடைசிப் பந்தைத் தவறவிட்டபோது நான் அழுதேன். 88க்கு 87, ஒரு புள்ளியில் தோல்வி. "போட்டுத்தானே தவறினவன்" என்று என் தலையைத் தடவினீர்கள். அதே கார்ட்டர் ரொறன்ரோவில் எப்போதும் முழு மூச்சோடு ஆடவில்லை என்று பிறகு தானே ஒப்புக்கொண்டபோது, நீங்கள் இருபது வருடத்துக்கு அவர் பேரையே எடுக்கவில்லை. போன நவம்பரில் அவருடைய 15ஆம் இலக்கத்தை அரங்கின் கூரையில் ஏற்றி மரியாதை செய்தார்கள். நான் தனியே போனேன். அவர் அழுதார், சனமும் அழுதது. பக்கத்து இருக்கையில் என் குளிர்ச்சட்டை கிடந்தது. எங்களுக்கு முன்னால் இருக்கிற அந்த வயதானவர் திரும்பி, அண்ணா எங்கே என்று கேட்டார். கடையில் வேலை கூட என்றேன். கடை மூடி அப்போது இரண்டு மாதம்.

பிறகு அந்தப் பருவம் முழுவதும் அதே பொய்தான். கீழே அதைவிடப் பெரிய கூத்து நடந்தது. கிட்டத்தட்டச் சமமாக நிற்கிற ஆட்டத்தில், நான்காம் குவாட்டரில் நல்ல ஆட்டக்காரர்களை இருத்திவிட்டுப் பெடியன்களை இறக்குவார்கள். ஒரு நாள் இல்லை, பல நாள். இறங்கின பெடியன்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், அதுதான் பரிதாபம். அவர்களுக்குத் தோற்கத் தெரியாது, தோற்கடிப்பது மேலே இருக்கிறவர்கள். போர்ட்டர் செய்ததும் இதுவும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். அவன் செய்தது சூது, இது திட்டம். ஆனால் மேலே முந்நூறாம் பகுதியில் காசு கொடுத்து இருக்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. நான்தானே இதைக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். 30 வெற்றி, 52 தோல்வி.

பிறகு குலுக்கல். முதலிடம் டலஸுக்கு. 1.8 வீத வாய்ப்போடு வந்தவர்கள். ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் அடுத்த கட்ட ஆட்டங்களுக்குள் நுழையப் போராடி, கடைசி நுழைவு ஆட்டத்தில் தோற்றவர்கள். தோற்கப் பார்த்த நாங்கள் ஒன்பதாம் இடம். நீங்கள் வீட்டில் இருந்து பார்த்திருப்பீர்கள். சிரித்திருப்பீர்கள். எனக்கு ஒரு செய்தி அனுப்பவில்லை, நான் செய்தது மாதிரிச் செய்யவில்லை. அது பெருந்தன்மையா, இல்லை இன்னும் கோபமா என்று தெரியவில்லை. இரண்டாவது என்றால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஒன்று சொல்லவில்லை. 2024 ஏப்ரல் 5, மில்வோக்கியில். தொடர்ந்து பதினைந்து தோல்வி, 1997இல் வந்த பதினேழுக்கு இன்னும் இரண்டுதான். தோற்க வேண்டிய ஆட்டம், என் கணக்குப்படி. 117க்கு 111, வென்றுவிட்டார்கள். நான் குசினியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் அடித்துக் கத்தியதில் பிள்ளை எழும்பிவிட்டாள். யார் வென்றது என்று கேட்டாள். நாங்கள் என்றேன். அன்றிரவு உங்களுக்கு எடுத்திருந்தால் நீங்கள் போனை எடுத்திருப்பீர்கள். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் செய்தியை அனுப்பினேன்.

உங்கள் பழைய ஊதா ஜேர்சி என்னிடம்தான் கிடக்கிறது, டைனோசர் போட்டது. தோய்த்து வைத்திருக்கிறேன். சின்னவளிடம் கொடுத்துவிடட்டுமா, இல்லை நீங்கள் வந்து எடுப்பீர்களா? ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில்தான்.

தம்பி