முதியோர் இல்லங்களை இரவிலும் வந்து பாருங்கள்: ஒரு திறந்த மடல்

மத்திய மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், பிரதேச செயலகங்களின் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

ஹட்டன் பகுதியிலுள்ள முதியோர் இல்லமொன்றில் என் பெரியம்மா வசிக்கிறார். அவரைப் பார்க்கப் போய்வரும் உறவினர் என்ற முறையிலும், தோட்டப் பாடசாலையொன்றில் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும் இதனை எழுதுகிறேன். பெயர் வெளிவந்தால் அதன் பலனை அங்கே படுக்கையில் கிடப்பவர்களே அனுபவிக்க நேரும் என்பதால், இல்லத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பெரியம்மாவை யாரும் கைவிட்டுவிடவில்லை. ஒரு மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார்; மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் எழுந்து நடமாட முடியாத ஒருவரைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள ஆளில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோர ஒரு சபை இருக்கிறது. ஆனால் மலையகத்தில் பல குடும்பங்களுக்குப் பணத்தைவிடப் பக்கத்தில் நிற்க ஆளில்லாததே பெரிய குறை. ஆகவே மலையகத்துக்கு முதியோர் இல்லங்கள் இனி இன்னும் அதிகமாகத் தேவைப்படும். அவற்றைக் குறைகூறி மூட வைப்பது என் நோக்கமல்ல.

அதே சட்டம் முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. பதிவுக்கும் மேற்பார்வைக்கும் வரும் அலுவலர்கள் பகலில், பெரும்பாலும் முன்கூட்டி அறிவித்துவிட்டு வருகிறார்கள். அன்று தரை கழுவப்பட்டிருக்கும், கட்டில் விரிப்புகள் புதிதாயிருக்கும், பதிவேடுகள் மேசையில் அடுக்கப்பட்டிருக்கும். அவர்கள் காண்பதில் பொய் எதுவுமில்லை. ஆயினும் பராமரிப்பின் தரம் தெரிவது இரவு எட்டு மணிக்குப் பின்னர்தான்.

பெரியம்மா பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. பின்னேரப் பிளேன்டியையும் இரண்டு மிடறுடன் தள்ளிவைத்துவிடுவார். அவருடைய மண்டபத்தில் பல பெண்களுக்கு இதே பழக்கம் இருப்பதைக் கண்டு விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. மலசலகூடம் கட்டிடத்துக்கு வெளியே, கூரையில்லாத சீமெந்துப் பாதையின் மறுமுனையில் இருக்கிறது. மழை பெய்தால் பாதை வழுக்கும். விளக்கு ஒன்றுதான், அதுவும் எரிந்தால் உண்டு. இரவில் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல மண்டபம் முழுவதற்கும் ஒரே பராமரிப்பாளர். அவரை எழுப்பச் சங்கடப்பட்டு, எழுப்பினால் ஏச்சு விழுமோ என்று பயந்து, அவர்கள் தாகத்தை அடக்கப் பழகிவிட்டார்கள். வயதானவர்களுக்கு நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். தொற்று வந்தால் திடீரென்று பேச்சுத் தடுமாறும், ஆள் அடையாளம் தெரியாமல் போகும். அதை "வயசாகிப் புத்தி மாறிப்போச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். மருந்தால் தீரக்கூடிய நோய்க்கு முதுமை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

படுக்கையிலேயே கிடப்பவர்களை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் புண் விழும் என்பது தாதியர் அறிந்த பாடம். ஒரே ஆள் அதைச் செய்யவே முடியாது. அந்தப் பெண்ணை நான் குறைசொல்லவில்லை. பகல் வேலையை முடித்தவரே பல நாட்களில் இரவையும் பார்க்கிறார் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இங்கே கொடையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் மதியச் சாப்பாடு கொடுக்க வருபவர்களுக்குக் குறைவில்லை. ஒரே வாரத்தில் மூன்று பாயசம் வந்த கதையும் உண்டு. சாப்பிட்டவர்களில் பலருக்குச் சீனி வியாதி. மலசலம் கழிக்கக் கட்டிலருகே வைக்கும் கொமட் நாற்காலியையோ, இரவுப் பணியாளரின் ஒரு மாதச் சம்பளத்தையோ திவசத்தின் பெயரால் கொடுத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. படம் எடுக்க அவை தோதானவை அல்ல போலும். எந்தப் பொருள் தேவை என்ற பட்டியலை உங்கள் திணைக்களமே இல்லங்களின் வாசலில் ஒட்டச் செய்தால், கொடுக்க மனமுள்ளவர்களுக்கு வழி தெரியும்.

நான் உங்களிடம் வேண்டுவது இவைதான். ஆண்டில் சில தடவையேனும் முன்னறிவித்தல் இன்றி இரவில் வாருங்கள். தமிழ் பேசும் அலுவலர் ஒருவர், நிர்வாகத்தினர் அருகில் இல்லாத வேளையில், முதியவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். அதிகாரிக்கு முன் எழுந்து நின்றே பழகிய தோட்டத்துப் பெண் எடுத்த எடுப்பில் குறை சொல்லமாட்டாள், அதனால் அந்த அலுவலர் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். இரவில் இத்தனை பேருக்கு இத்தனை பராமரிப்பாளர் என்ற குறைந்தபட்ச அளவைப் பதிவின் நிபந்தனையாக்குங்கள். அதைத் தாங்க வசதியற்ற இல்லங்களுக்கு மாகாண நிதியிலிருந்து உதவுங்கள். எவரேனும் திடீரெனத் தடுமாறினால் அன்றே வைத்தியரிடம் காட்டினார்களா என்பதையும் உங்கள் பரிசோதனையில் கேளுங்கள்.

பாதைக்குக் கூரை, கைபிடி, வெளிச்சம் ஆகிய மூன்றும் இவற்றுக்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. தென்மேல் பருவ மழை மே மாத இறுதியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் உங்கள் மாகாணத்தின் எல்லா இல்லங்களிலும் மலசலகூடத்துக்குச் செல்லும் வழியைப் பார்வையிட்டு, எங்கெங்கே திருத்தினீர்கள் என்பதைப் பிரதேச செயலகங்களில் தமிழிலும் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்