ஸ்ட்ராங்கா சொல்ல வேண்டிய ஒரு விஷயம் சார்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். போன ஞாயிறு மரபணு கட்டுரை படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா மனுஷங்க மரபணுவ ஆராய்ச்சி பண்ண விஞ்ஞானி கவல்லி ஸ்ஃபோர்சா பேரையே காணோமே சார்! 1922ல இத்தாலி ஜெனோவால பொறந்து டாக்டருக்கு படிச்ச மனுஷன், இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல ஃபிஷர்ங்கற மரபியல், புள்ளியியல் மேதைகிட்ட இருந்து பாக்டீரியாவ ஆராய்ச்சி பண்ணிட்டு, அப்புறம் இத்தாலில பார்மா நகரத்து பக்கத்து மலை ஊர்களுக்கு போய் சர்ச்சுல இருந்த பழைய கல்யாண, ஞானஸ்நான பதிவேட்டையெல்லாம் புரட்டி, அந்த ஜனங்க ரத்த குரூப்பையும் சேத்து பாத்தாரு. மேல இருக்கற குட்டி குட்டி ஊர்ல ஒண்ணுக்கொண்ணு குரூப் கணக்கு ரொம்ப வித்தியாசப்பட்டுச்சு, சமவெளில அவ்ளோ இல்ல. ஆளு கம்மியா இருந்தா தற்செயலே விளையாடிடும், அதான் காரணம்னாரு.

அங்க சொந்தத்துல கட்டிக்க சர்ச்சு அனுமதி வாங்கணும், அப்படி கட்டிக்கிட்டவங்க கணக்கையும் அந்த அனுமதி சீட்ட வச்சே எடுத்தாரு. தாராவில எங்க தெருவுல பாதி பேரு திருநெல்வேலிக்காரங்க, அத்தை மக மாமன் மகன்னு கட்டுனவங்க, இத சொன்னா எங்க அத்தை "அங்கயுமாடா"ன்னு வாய பொளந்துட்டாங்க.

அப்புறம் அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு போனாரு, 1994ல மனுஷங்க மரபணுக்களோட வரலாற பத்தி மத்தவங்களோட சேந்து பெரிய புஸ்தகம் போட்டாரு, 2018ல காலமானாரு. இனம்னு மனுஷன பிரிக்கறதுக்கு அறிவியல்ல ஆதாரமில்லன்னு கடைசி வரைக்கும் சொன்னவரு. இப்ப பாருங்க, எச்சில துப்பி அனுப்புனா மரபணுவ பாத்து பூர்வீகம் சொல்றோம்னு ஒரு கம்பெனி எங்க மச்சான்கிட்ட காசு வாங்கிட்டு "தெற்காசியா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டான், அது எங்களுக்கே தெரியாதா?

அவர பத்தி ஒரு முழுப்பக்கம் போடுங்க சார்.

— ஒரு வாசகர், தாராவி, மும்பை