சிலைக்குக் கேட்ட கேள்வியை எங்கள் ஆயாவிடம் யாரும் கேட்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து மீட்டு வரப்படும் கோயில் சிலைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதில் 'தாயகம் திரும்பிய' என்ற சொல் நாலைந்து இடத்தில் வருகிறது. அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிடும், ஏனென்றால் எங்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் வைத்த பெயரே 'தாயகம் திரும்பியோர்' என்பதுதான்.

நாங்கள் இருப்பது வியாசர்பாடி. ஆயா பிறந்தது பர்மாவில் (இன்றைய மியான்மர்) ரங்கூனில், தாத்தா பிறந்ததும் அங்கேதான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அவர்களுக்கு முந்தின தலைமுறை. ஆயாவுக்கு அந்த ஊரின் பெயர் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. 1962-இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது, அடுத்து கடைகண்ணிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள், 1964 மே மாதம் பர்மாப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் சின்ன மளிகைக்கடையும் போனது, கொஞ்ச நாளில் தாத்தாவும் போய்விட்டார். அவரை அங்கேயே புதைத்துவிட்டு, மூன்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயா சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். காதில் கழுத்தில் இருந்ததை ரங்கூனிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இங்கே இறங்கியதும் ஒரு அதிகாரி 'எந்த ஊருக்குப் போகணும்?' என்று கேட்டாராம். வாழ்ந்த ஊரிலிருந்துதானே வருகிறேன், வேறு எந்த ஊரைச் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் நின்றேன் என்று ஆயா சொல்வார்.

இப்போது அந்தக் கட்டுரையில் வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடப்பட்டு, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2014 செப்டம்பரில் திரும்பி வந்தவர். அவர் எந்த ஊர், எந்தக் கோயில் என்று நிரூபிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். அதற்கு முன்னால் பத்தூர் நடராஜர் வழக்கு. லண்டன் நீதிமன்றத்தில் அந்தக் கோயிலின் சிவலிங்கமே ஒரு வாதியாக நின்று தன் சொத்தைக் கேட்டது, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது, 1991-இல் நடராஜர் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஒரு சிலைக்காக இவ்வளவு விசாரித்தார்களே என்று எனக்குப் பெருமைதான், அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்கள் வீட்டுக்குப் போனார்களா? ஸ்ரீபுரந்தான் நடராஜர் கும்பகோணத்துச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார், பத்தூர் நடராஜர் திருவாரூர் மையத்துக்குப் போனார். பாதுகாப்பு இல்லாத கோயிலில் வைத்தால் மறுபடி திருட்டுப் போகும் என்பது நியாயமான பயம். சரி, அப்படியென்றால் அந்த ஊர்க் கோயிலுக்குக் கதவும் காவலும் போட்டுக் கொடுப்பதும் மீட்பு வேலையில்தானே சேரும்? விமான நிலையத்தில் மாலை போட்டதோடு எல்லோரும் கலைந்துவிடுகிறோம்.

மனிதர்கள் விஷயத்தில் அந்த மாலைகூடக் கிடையாது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி, 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை பிரிப்பது போலத்தான் பிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து மலையை விட்டு இறங்காத பிள்ளைக்கு மண்டபமும் ராமேஸ்வரமும் எப்படித் தாயகம் ஆகும்? எங்கள் மாதிரி ஆட்களுக்காக அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நீலகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன, 1969-இல் தாயகம் திரும்பியோருக்கான ரெப்கோ வங்கி வந்தது, பர்மா பஜாரில் கடை வைத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். நம் பர்மா நூடுல்ஸான அத்தோவை இப்போது மெட்ராஸே சாப்பிடுகிறது. பிழைப்பு கிடைத்தது உண்மை, ஆனால் முடிவெடுக்கும் முன் போக இஷ்டமா என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. இங்கே இருக்கப் பிடிக்காமல் மறுபடி பர்மாவுக்கே நடந்து போகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூர் மோரேயில் தங்கிவிட்ட தமிழர்கள் இன்றும் அங்கே கோயில் கட்டி வாழ்கிறார்கள். தாயகத்துக்கு வந்தவர்கள் ஏன் திரும்பிப் போக நடந்தார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எலும்புகளுக்கும் இதே கதைதான். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஆய்வாளர் ஜாகோர், தாமிரபரணிக் கரையில் பழங்கால முதுமக்கள் தாழிகள் புதைந்திருந்த ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்ததைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். பின்னால் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ அங்கே எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. தாமிரபரணிக்காரர் ஒருவர் எழும்பூரையும் தூர தேசமாகத்தான் பார்ப்பார், அதில் தப்பில்லை. இந்த விஷயத்தில் வடகிழக்கு இந்தியாவின் நாகா மக்கள் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு நாகா மண்டையோட்டை ஏலம் போடப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். ஆக்ஸ்போர்டு பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் தங்கள் முன்னோரின் எலும்புகளைக் கேட்கும்போது, கொண்டுவந்தபின் எங்கே வைப்பது, என்ன சடங்கு செய்வது, இப்போது கிறிஸ்தவர்களாகிவிட்ட நாம் எப்படி அடக்கம் செய்வது என்று தங்கள் மக்களிடமே கேட்டுக்கேட்டுப் பேசுகிறார்கள். நேரமாகும்தான், ஆகட்டுமே.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. ரங்கூன் போய்த் தாத்தாவின் சமாதியைத் தேடி எலும்பை எடுத்துவந்து காசிமேட்டுக் கடலில் கரைக்கலாம் என்றார் மாமா. ஆயா ஒரேயடியாக மறுத்துவிட்டார். 'அவரு பொறந்த மண்ணுல படுத்திருக்காரு, அவரயாவது விடுங்கடா' என்றார். ஆடி அமாவாசைக்குத் திருவொற்றியூர் கடற்கரையில் கிழக்கே பார்த்து நின்று எள்ளும் தண்ணீரும் விடுவார். இதே கடலுக்கு அந்தப் பக்கம்தானே ரங்கூன்.

புழல், கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. அகதி முகாம் என்ற பெயரை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நல்லதுதான். ஆனால் இலங்கையைக் கண்ணால் பார்க்காத ஒரு பிள்ளையை 'சொந்த ஊருக்குப் போ' என்று யாராவது சொன்னால், அது ஆயாவிடம் துறைமுகத்தில் கேட்ட அதே கேள்வி. போக நினைப்பவர்கள் போகட்டும், அவர்களுக்கு வீடும் நிலமும் அங்கே கிடைக்க உதவுங்கள். இருக்க நினைப்பவர்களுக்குக் குடியுரிமை கொடுங்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஒரு பழைய புகைப்படம் நடராஜரின் வீட்டைக் காட்டிக் கொடுத்தது போல, எங்கள் வீட்டுப் பீரோக்களிலும் காகிதங்கள் இருக்கின்றன. தூதரகம் கொடுத்த பயணத்தாள், ரங்கூன் ஸ்டுடியோவில் எடுத்த படம், பர்மிய எழுத்தில் கடை ரசீது. வைத்திருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது, போன டிசம்பர் மழையில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் எல்லாம் நனைந்து போனது. வட சென்னையில் ஒரு நூலகத்திலாவது இவற்றை ஸ்கேன் செய்து வைக்க உங்கள் இதழ் முன்னெடுக்க வேண்டும். ஆயாவின் பயணத்தாளையும், அவர் வெற்றிலை வைத்திருந்த பர்மா அரக்குப் பெட்டியையும் முதல் ஆளாக நான் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி