கேட்க மட்டும் செய்யும் ஐ-கேட்டுகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐ-கேட் நண்பர்களுக்கு,

வணக்கம். ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், இருப்பிடத்தையும் குறுஞ்செய்தியையும் ரேடியோவில் பரிமாறிக்கொள்ளும் முறைதான் ஏபிஆர்எஸ்; அந்த ரேடியோவையும் இணையத்தையும் இணைக்கும் நிலையம்தான் ஐ-கேட். ஏபிஆர்எஸ் வரைபடத்தில் இத்தனை வண்டிகளும் வானிலை நிலையங்களும் தெரிகின்றன என்றால் அது உங்களால்தான். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியோடு, ரேடியோ அலைகளைக் கேட்க மட்டும் உதவும் மலிவான எஸ்டிஆர் டாங்கிளைச் சேர்த்து, காற்றில் வரும் பாக்கெட்டுகளை (தகவல் துணுக்குகளை) இரவு பகலாக இணையத்தில் ஏற்றுகிறீர்கள். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அதனால் குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

உங்களில் பலருடைய நிலையம் கேட்கிறது, திருப்பிப் பேசுவதில்லை; இணையத்திலிருந்து வருவதை ரேடியோவில் அனுப்புவதில்லை.

ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கிய பாப் புருனிங்கா, 2022-ல் மறையும்வரை ஒரு விஷயத்தை அலுக்காமல் சொல்லிவந்தார்: இது வண்டிகளைப் பின்தொடரும் கருவி அல்ல, இருபக்கமும் தகவல் போய்வர வேண்டிய அமைப்பு. இருப்பிடம் அதில் ஒரு பகுதிதான். நாமோ வரைபடத்தில் புள்ளி விழுந்ததும் திருப்தியாகிவிடுகிறோம்.

'கேட்டால் மட்டும் போதும், யாருக்கும் தொந்தரவில்லை' என்பது பலரின் எண்ணம். தொந்தரவு இருக்கிறது. பயணத்தில் இருக்கும் ஒருவர் தன் ரேடியோவிலிருந்து நண்பருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். உங்கள் ஐ-கேட் அதைப் பிடித்து இணையத்தில் சேர்க்கிறது. நண்பருக்குச் செய்தி போய்விடுகிறது. அவருடைய கருவி 'கிடைத்தது' என்று ஒப்புகை அனுப்பும். அது சர்வர் வழியாக உங்கள் நிலையம்வரை வந்து, அங்கேயே நின்றுவிடும். ஒப்புகை வராத ரேடியோ அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். 1200 பாட் என்ற மெதுவான வேகத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையைப் பங்கு போடும் இடத்தில், ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட செய்திக்காக வீண் பாக்கெட்டுகள். அனுப்பியவரோ யாருக்கும் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நல்ல டிஜிபீட்டர் இருந்தாலும் பயனில்லை. அது காற்றில் கேட்டதைக் காற்றிலேயே திருப்பிச் சொல்லும், இணையத்தில் காத்திருப்பது அதற்குத் தெரியாது.

அனுப்பும் வசதியைத் திறந்தால் இணையம் முழுக்க அலைவரிசையில் கொட்டிவிடுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். கண்மூடித்தனமாக அமைத்தால் கொட்டும்தான். முறையாக அமைத்த ஐ-கேட், அண்மையில் அக்கம்பக்கத்தில் ரேடியோவில் கேட்ட நிலையத்துக்கு வரும் செய்தியை மட்டுமே அனுப்பும். ஐ-கேட் நடத்த உதவும் டயர் உல்ஃப் மென்பொருளில் ஒரு நிமிடத்துக்கு 6 பாக்கெட், ஐந்து நிமிடத்துக்கு 10 என்பதுபோல உச்சவரம்பும் வைக்கலாம். ஏபிஆர்எஸ் செய்தி ஒன்றின் நீளமே 67 எழுத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் நிலையம் தன்னை அறிவிக்க அனுப்பும் பீக்கனை அரைமணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், அலைவரிசைக்கு நீங்கள் ஒரு பாரமே இல்லை.

செலவு உண்டு, மறுக்கவில்லை. டாங்கிளால் அனுப்ப முடியாது. ஒரு பழைய விஎச்எஃப் ரேடியோவும் அதைக் கணினியோடு இணைக்க ஒரு இடைமுகமும் வேண்டும். அதிக வாட் தேவையில்லை. நீங்கள் யாரைக் கேட்கிறீர்களோ அவருக்கு உங்கள் சிக்னல் கேட்டால் போதும். அதற்கு ஆன்டெனாவைச் சற்று உயரமாக வைப்பதே பெரும்பாலும் கைகொடுக்கும்.

சில நாடுகளில் ஆளில்லாமல் தானாக அனுப்பும் நிலையத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அது கிடைக்காதவர்கள் கேட்பதோடு நிற்பது நியாயமே. அவர்களிடமும் ஒரு கோரிக்கை: மென்பொருளில் உங்கள் நிலையத்தைக் கேட்பதற்கு மட்டும் என்று சரியாகக் குறித்துவையுங்கள். அப்போது உங்கள் வழியாகப் போகும் பாக்கெட்டுகளில் 'கியூஏஓ' என்ற குறி ஏறும். அந்தப் பகுதியில் இருவழி ஐ-கேட் இன்னும் தேவை என்பது பார்ப்பவருக்குத் தெரியும். மற்றவர்கள் அமைத்து முடித்ததும், ஒரு கைரேடியோவோடு வெளியே போய் இணையம் வழியாக ஏபிஆர்எஸ்ஸில் இருக்கும் ஒரு நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பி, ஒப்புகை வருகிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
செய்தி அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருக்கும் ஒரு ஹாம்