ஒரு வெள்ளி 85 காசான நாள்: பினாங்கு வரலாற்று ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

பினாங்கு இடைநிலைப்பள்ளிகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

என் பேத்தி இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்காக என்னிடம் 1967-இல் பினாங்கில் நடந்த ஹர்த்தாலைப் (கடையடைப்புப் போராட்டத்தை) பற்றிக் கேட்டு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். தாள் திரும்பி வந்தபோது அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரே சொல்: 'ருசுஹான்'. கலவரம். அவ்வளவுதான். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்ற பேச்சு வேண்டாம். அந்த ஒற்றைச் சொல் மனத்தை உறுத்தியதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கத்தில் பூக்கட்டி விற்றார். வங்கிக்குப் போகும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மிச்சம் பிடித்த நோட்டுகளை ரப்பர் வளையம் போட்டு, ஒரு மைலோ டின்னில் அடைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். அந்த ஆண்டு ஜூன் மாதம் புதிய மலேசிய நோட்டுகள் வந்துவிட்டன. பழைய நோட்டும் செல்லும் என்றிருந்ததால் அம்மா மாற்றவில்லை. நவம்பர் 18 அன்று பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பழைய நோட்டு பவுண்டோடு கட்டுண்டது, அதுவும் சேர்ந்து இறங்கியது. புதியது தப்பித்தது. பழைய நோட்டில் ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு, இனி 85 காசுதான். அம்மா டின்னைக் கவிழ்த்து, பாயில் உட்கார்ந்து, நோட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் புரியவேயில்லை.

இந்த மதிப்பிழப்பை எதிர்த்துத் தொழிலாளர் கட்சி அழைத்த ஹர்த்தால் நவம்பர் 24. கடையடைப்பாகத் தொடங்கியது இன மோதலாகி, உயிர்கள் போய், ஊரடங்கில் முடிந்தது. அதை மறைக்கச் சொல்லவில்லை. அந்த இரத்தத்தையும் பிள்ளைகள் படிக்க வேண்டும். ஆனால் பாயில் கிடந்த நோட்டுகளிலிருந்து படிக்கட்டும். ஊரடங்கிலிருந்து தொடங்கினால், மக்களுக்குத் திடீரென்று வெறி பிடித்துவிட்டது என்றுதான் தோன்றும்.

அதே ஹர்த்தால் என்ற சொல்லுக்கு இன்னொரு நாளும் உண்டு: 1947 அக்டோபர் 20. பிரிட்டிஷார் கொண்டுவந்த கூட்டரசுத் திட்டத்தை எதிர்த்து மலாயா முழுக்கக் கடைகளை அடைத்தார்கள். தெருக்கள் வெறிச்சோடியதே அன்றைய போராட்டம். அதை நடத்தியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி, தங்கள் அரசமைப்புத் திட்டத்தைக் கையில் வைத்திருந்தார்கள். 1967-இல் மதிப்புக் குறைப்பு அறிவிப்புக்கும் ஹர்த்தாலுக்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை. ஒன்று அமைதியாக முடிந்ததற்கும் மற்றது எரிந்ததற்கும் இந்த அவகாசம் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. உங்கள் மாணவர்கள் மறுத்து வாதிடட்டும், மகிழ்வேன்.

கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 1941-இல் இந்தியப் பால்மரத் (ரப்பர்) தொழிலாளர்கள் சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, சுட்டது, தொழிலாளர் செத்தார்கள். கூலியைப் பற்றி எந்தப் பொருளியல் நூலிலும் படிக்கலாம். அந்த சைக்கிளை விட்டுவிட்டால் அவர்கள் ஏன் துப்பாக்கிக்கு எதிரே நின்றார்கள் என்பது விளங்காது.

2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப் கோலாலம்பூரில் நடத்திய பேரணி உங்களில் பலருக்கே நினைவிருக்கும். கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியும் காணொளியில் கிடைக்கின்றன. அதற்குச் சில வாரங்களுக்கு முன், தீபாவளி நெருங்கிய வேளையில், ஷா ஆலம் பக்கத்துப் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைபட்டதையும், துண்டாடப்பட்ட தோட்டங்களை விட்டு நம்மவர்கள் வெளியேறிய ஆண்டுகளையும் யாராவது எடுத்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், சில விலக்குகள் தவிர, 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பேரணியில் சேர்ப்பதில்லை. உங்கள் படிவம் நான்கு மாணவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள். நாளை அவர்கள் தெருவில் நிற்கலாம், அல்லது தெருவில் நிற்பவர்களைத் திட்டலாம். இரண்டுக்கும் முன்னால் ஒரே ஒரு வேலை கொடுங்கள். வீட்டிலோ அண்டையிலோ உள்ள ஒரு முதியவரிடம் போய், "அந்த நாளுக்கு முந்திய மாதம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எழுதி வந்ததன் மேல் ஒற்றைச் சொல்லைக் கிறுக்காதீர்கள்.

அம்மா ஒரு பழைய நோட்டை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. இப்போது அது ஆயர் ஈத்தாமில் என் வீட்டில் இருக்கிறது, அதே டின்னில். எந்த வகுப்பு கேட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பூக்காரியின் மகள்