நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்

சோமனூர்,
தை 6.

அன்புள்ள ரேவதி,

உன்ற கடுதாசி பொங்கல் நோம்பிக்கு முந்தின நாளே வந்துருச்சு. வீடு வழிக்கறது, ஒறம்பரை வர்றது போறதுனு இன்னைக்குத்தான் ஒழுங்கா உக்காந்து எழுத முடிஞ்சுது. வாட்ஸப்புல ரெண்டு வரி தட்டி விட்டிருக்கலாம். ஆனா அதுல நம்ம பேச்சு எப்பவும் "சரி புள்ள, அப்பறம் பேசறேன்"லயே நின்னுபோகுது. நீ இத்தனை பக்கம் எழுதியிருக்கறப்ப நான் மட்டும் கட்டைவிரலைக் காட்டுனா நல்லாவா இருக்கும்?

வீட்டுல எல்லாரும் சௌக்கியம். அப்பத்தாவுக்கு முட்டிவலி கொறையலை, வாயும் கொறையலை. எட்டு விசைத்தறியும் ஓடுது. பொங்கலுக்கு வந்த பெரியம்மா, "டிகிரி முடிஞ்சதும் பாத்தரலாமா?"னு ஆரம்பிச்சுது. அம்மா காதுலயே வாங்காத மாதிரி கரும்பை வெட்டிட்டிருந்துச்சு. அவ்வளவுதான், அந்தக் கதை.

"ஆஸ்டல்ல ரெண்டு வருசம் கெடந்தியே, என்னடி கத்துக்கிட்டே?"னு கேட்டிருக்கறே. கிண்டலாக் கேட்டியா நெசமாக் கேட்டியானு தெரியலை, நான் நெசமாவே பதில் சொல்றேன். நாமக்கல் பக்கத்து ஆஸ்டல் இஸ்கூலுகளைப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியறதுக்கு முன்னாடி பெல்லு, படிப்பு, டெஸ்டு, டெஸ்டுல போன மார்க்குக்கு மறுபடி ஒரு டெஸ்டு. ஒண்ணுமே கத்துக்கலைனு சொன்னா பொய். மூணு மணி நேரம் எந்திரிக்காம உக்காந்து ஒரு வேலையை முடிக்கற பழக்கம் அங்கதான் வந்துச்சு, இன்னைக்கும் சோறு போடுது. ஆனா எதுக்குப் படிக்கறோம்னு ஒரு நாளும் யாரும் பேசுனதில்லை. எங்களுக்காவது பதினொண்ணுல பப்ளிக் இருந்ததால அந்தப் புஸ்தகத்தைத் தொறந்து பாத்தோம். 2018ல அது வர்றதுக்கு முன்னாடி பல இஸ்கூலுகள்ல ரெண்டு வருசமும் பன்னெண்டாவது பாடத்தையே உருப்போட வெச்சாங்க. அதைத் தடுக்கத்தான் அந்தப் பரீட்சையே வந்துச்சு. 2025 ஆகஸ்டுல மாநிலக் கல்விக் கொள்கை வந்தப்ப அதை எடுத்துட்டாங்க. புள்ளைகளுக்குப் பாரம் கொறையும்ங்கறது சரிதான். ஆனா இந்தப் பக்கத்து இஸ்கூல்காரங்க அந்தக் காலி வருசத்தை என்ன பண்ணுவாங்கனு நெனச்சா எனக்கு நம்பிக்கை இல்லை.

அங்க இருந்தப்ப மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை அப்பா அம்மா பாக்க வருவாங்க. வேப்பமரத்தடியில பாயை விரிச்சு, தூக்குப்போசியில கொண்டாந்த அரிசியும்பருப்புச் சோத்தையும் கோழிக்கொழம்பையும் அம்மா பிசைஞ்சு குடுக்கும். அப்பா ராத்திரி ஷிப்ட்டு ஓட்டிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருப்பாரு. குளிச்சு வெள்ளை வேட்டி கட்டியிருப்பாரு, ஆனா காது மடல்லயும் புருவத்துலயும் பஞ்சு ஒட்டியிருக்கும். "தறி எப்படிப்பா ஓடுது?"னு கேட்டா, "நீ படி கண்ணு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்"ம்பாரு. நானும் சரினு அடுத்த துண்டுக் கறியை எடுத்துக்குவேன்.

பன்னெண்டு முடிச்சு வீட்டுக்கு வந்தப்ப குடோனுக்குள்ள பத்துத் தறி எட்டாயிருந்துச்சு. ரெண்டு தறி இருந்த எடத்துல சிமெண்டுத் தரையில போல்ட்டு ஓட்டை மட்டும் எண்ணெய்க் கறையோட இருந்துச்சு. கேட்டதுக்கு, "பழைய தறி, ரிப்பேரு எச்சா வந்துச்சு, தள்ளி விட்டுட்டோம்"னாங்க. நம்பிட்டேன்.

நெசம் தெரிஞ்சது 2025 மார்ச்சுல. கூலி ஒசத்திக் கேட்டு நம்ம பக்கத்துல தறியெல்லாம் நிறுத்துனாங்களே, ஒரு மாசம் போல ஓடலையே, அப்பத்தான். தறி ஓடுற வீட்டுல யாரு என்ன ரகசியம் பேசுனாலும் அடுத்த ரூமுக்குக் கேக்காதுனு உனக்கே தெரியும். பொறந்ததுலருந்து அந்தச் சத்தத்துலயே தூங்குனவளுக்கு, சத்தம் நின்னதும் தூக்கம் வரலை. முழிச்சுக் கெடந்தப்ப அப்பாவும் அம்மாவும் பேசுனது காதுல விழுந்துச்சு. ரெண்டு தறியும் எடைக்குப் போனது என்ற ஆஸ்டல் பீசுக்கு. மிச்சத்துக்கு வாங்குன கடனுக்கு வட்டி இன்னும் போயிட்டிருக்கு. வேலைநிறுத்தம் இழுத்துட்டே போனா அந்த மாச வட்டியை எங்கிருந்து குடுக்கறதுனு அம்மா கேக்குது, அப்பா பதிலே சொல்லலை.

அந்த வெசனத்தைக் காட்டியும் எனக்குப் பெருசாப் பட்டது வேற ஒண்ணு. நம்ம வீட்டைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலையேங்கறது. பாசத்துலதான் என்னை வெளியில நிறுத்தி வெச்சிருந்தாங்க, ஆனாலும் வெளியிலதானே நின்னிருக்கேன்?

உனக்கு அப்படி யாரும் சொல்லலை. சொல்ற நெலமையில உங்க வீடு இல்லை. பத்தாவது பரீட்சை முடிஞ்ச கையோட, லீவுல, திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கு, தைக்கறவங்களுக்குத் துணி மடிச்சுக் குடுக்கற வேலைக்குப் போனே. சனிக்கெழமை சம்பளக் கவரை அம்மா கையில குடுத்து, எது சீட்டுக்கு எது கடைப் பாக்கிக்குனு நீதான் பிரிச்சே. அப்ப உன்னைப் பாத்துப் பாவம்னு நெனச்சவ நான். இப்ப பாத்தா, நீ பதினாறுல முடிச்ச பாடத்தை நான் பத்தொம்பதுல தொடங்கியிருக்கேன். கஷ்டம்தான் நல்ல வாத்தியார்னு சொல்ல வரலை. அப்படிச் சொல்றவங்களை ஒரு மே மாசம் பவர்டேபிள் தையல் மிசின் பக்கத்துல நிக்க வெக்கோணும்.

சரி, ஒரு வேடிக்கை கேளு. போன செமஸ்டர்ல காஸ்ட் அக்கவுண்டிங்குக்கு ஒரு அசைன்மெண்ட். தெரிஞ்ச தொழில் ஒண்ணுக்குச் செலவுக் கணக்குப் போடச் சொன்னாங்க. பாதிப் பேரு பேக்கரி, டீக்கடைனு எழுதுனாங்க. நான் அப்பாவோட டைரியை வாங்கிட்டு எங்க குடோனையே எடுத்தேன். பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், யாவாரி குடுக்கறாரு, நாம கூலிக்கு நெய்து குடுக்கறோம், அதனால நூல் வெலை நம்ம கணக்குல வராது. கரண்டு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம், 2023ல 750லருந்து ஏத்துனது. அதுக்கு மேல ஓடுனா காசு. நாடா, பிக்கர் மாதிரித் தறிச் சாமானுக, ஆயில், பாவு பிணைக்க வர்றவங்க கூலி, ஆள் கூலி, வட்டி எல்லாம் கழிச்சா ஒரு மீட்டர் துணிக்கு ஏதோ கொஞ்சம் நின்னுச்சு. எனக்குப் பெருமை தாங்கலை. சார் பாத்துட்டு, "வீட்டு ஆளுங்க வேலையை எங்கம்மா சேத்திருக்கறே?"னு கேட்டாரு.

அம்மா காத்தால அஞ்சு மணிக்குத் தார் போட, அதான் ஊடை நூலைச் சுத்த, உக்காரும். மத்தியானம் அப்பா கண்ணசர்ற நேரம் தறிக்கு நடுவுல நிக்கும், அறுந்த இழையைப் புடிச்சு முடி போடும், பொழுதோட துணியை மடிச்சு அடுக்கும். அத்தனைக்கும் வெளியாளு ஒருத்திக்குக் குடுக்கற கூலியைப் போட்டேன். மீட்டருக்கு நின்னது போயி நட்டம் வந்துருச்சு! அப்பாகிட்டக் காட்டுனா, சிரிச்சுட்டு, "அதெல்லாம் கணக்குல சேக்கறதில்ல அம்மிணி"னாரு. சின்ன வெங்காயம் உரிச்சிட்டிருந்த அம்மா நிமுந்து, "எனக்கு எவ்வளவு போட்டிருக்கறே?"னு கேட்டுச்சு. சொன்னேன். "கல்யாணமான வருசத்துலருந்து கணக்குப் போட்டு உங்கப்பன்கிட்ட வாங்கிக் குடு"னு சொல்லிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்குச்சு. அப்பா சிரிக்கலை. அதுக்கப்பறம் சீட்டு கட்டற அன்னைக்கு டைரியை என்கிட்ட நீட்டறாரு, எழுதறதுக்கு.

சேலத்துல உங்க காலேஜ் ஆஸ்டல்ல ஒருத்தி, "நீ எந்தக் கோட்டாவுல வந்தே?"னு கேட்டதை எழுதியிருந்தே. படிச்சப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. ஆறாவதுலருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் இஸ்கூல்ல படிச்சதுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009ல சட்டமாச்சு. நாம காலேஜ் சேந்த அதே 2024 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டுல ஏழு ஜட்ஜு உக்காந்து உள் ஒதுக்கீடு செல்லும்னு சொல்லிட்டாங்க. இதையெல்லாம் அவளுக்கு நீ விளக்கிட்டிருக்க வேண்டியதில்லை. ரெண்டு தறியை எடைக்குப் போட்டு எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்ததும் கோட்டாதான். என்ன, அதை யாரும் என்கிட்ட எந்தக் கோட்டானு கேக்கறதில்லை. அடுத்த தடவை கேட்டா, "உனக்கு உங்கப்பா எவ்வளவுக்கு வாங்கினாரு?"னு திருப்பிக் கேளு.

இன்னொண்ணும் கேட்டிருந்தே. தீவாளிக்கு நீ வந்துட்டுப் போனதுக்கப்பறம் வீட்டுல என்ன நடந்துச்சு, மறைக்காமச் சொல்லுனு. சொல்றேன். அம்மா உனக்கு எல்லாருக்கும் குடுக்கற டம்ளர்லதான் காப்பி குடுத்துச்சு, நீயே பாத்தே. நீ பஸ் ஏறுனதும் அப்பத்தா, "அந்த டம்ளரைத் தனியா எடுத்து வெய்யி"னு சொல்லுச்சு. அம்மா பதில் பேசலை. கழுவி, மத்த டம்ளரோட ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சொருகி அடுக்கிருச்சு. எல்லாம் ஒரே கடையில வாங்குனது, எது எதுனு இனி யாருக்கும் தெரியாது. அப்பத்தா ரெண்டு நாள் மொணங்கிட்டு, இப்ப தனக்குனு ஒரு பித்தளைச் சொம்பு வெச்சுக்கிட்டு அதுலயே காப்பி குடிக்குது. சுடுதுனு முந்தானையைச் சுத்திப் புடிச்சுக்கிட்டு குடிக்குது. மாறிருச்சுனு உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அம்மா அன்னைக்கு வாயே தொறக்காமச் செஞ்சதை நான் காலேஜ்ல மேடையேறிப் பேசுனாக்கூடச் செஞ்சிருக்க முடியாது.

பக்கத்து லைன் வீட்டுல ஒடிசாக்காரங்க குடி வந்திருக்காங்க. அந்தப் புள்ளை மூணாவது படிக்குது, நம்ம பழைய இஸ்கூல்தான். பொழுதோட வாய்ப்பாட்டு நோட்டைத் தூக்கிட்டு, "ஏனுங்க்கா, வாரீங்களா"னு வாசல்ல நிக்கும். நம்மளைக் காட்டியும் சுத்தமா நம்ம ஊர்ப் பேச்சு. அவளுக்கும் யாரோ "நீ படி"னு சொல்லியிருக்காங்க, ஆனா தம்பியை இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் படிக்குது.

இப்ப உன்னால ஆகவேண்டிய காரியம். தம்பி பத்தாவது பரீட்சை எழுதப் போறான். அப்பா மறுபடி நாமக்கல் பேச்சை எடுத்திருக்காரு. அக்காளுக்குச் செஞ்சதைத் தம்பிக்குச் செய்யலைனா ஊரு என்ன பேசும்னு ஒரு நெனப்பு. அவன் ஆறாவதுலருந்து கவர்மெண்ட் இஸ்கூல். இப்போ பதினொண்ணுல மாத்துனா 7.5 கையை விட்டுப் போகும், காலேஜ் போறப்ப வர்ற மாசம் 1000 ரூபாயும் போகும். 7.5ல இன்ஜினியரிங் சேந்தா காலேஜ் பீசு, ஆஸ்டல் பீசு எல்லாம் அரசாங்கமே கட்டுதுனு நானும் சொல்லிப் பாத்துட்டேன். "சும்மா யாரு அம்மிணி கட்டுவாங்க, பின்னால கேப்பாங்க"ங்கறாரு. தம்பி என்ன நெனைக்கறான்னு இதுவரைக்கும் யாரும் கேக்கலை. நான் கேட்டேன். பக்கத்து ஊரு மேல்நிலைப் பள்ளியிலயே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கறேன்ங்கறான். சாயங்காலம் தறியும் பழகோணுமாம். அதை அப்பாகிட்டச் சொல்ல நானே இன்னும் தயங்கிட்டிருக்கேன்.

அதனால மாசியில ஒரு ஞாயித்துக்கெழமை சேலத்துலருந்து வந்துட்டுப் போ. அம்மா சந்தகை புழிஞ்சு வெக்கறேனு சொல்லியிருக்கு. வர்றப்ப நீ காலேஜ் சேந்தப்பக் குடுத்த தாளு, பீசு இல்லைனு போட்ட ரசீது எது இருந்தாலும் எடுத்துட்டு வா. எங்கப்பாவுக்கு வாய்ப்பேச்சு செல்லாது, முத்திரை போட்ட தாளு இருக்கோணும்.

இப்படிக்கு,
உன்ற தரணி