வாசற்கல்லில் மாரநாதா

அன்புள்ள தேவராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் வீடு முடியப்போகிறது என்று படித்ததில் எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். முழங்கால் வலி இப்போது தேவலை, பிரதிஷ்டைக்குக் கட்டாயம் வந்துவிடுவோம்.

வாசற்கல்லில் 'மாரநாதா' என்று வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். அது சாபத்தோடு வருகிற வார்த்தை, வீட்டுக்கு ஆகாது என்று உன் மச்சினர் சொன்னாராம். எனக்கு மனசு பொறுக்கவில்லை, அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில், முதலாம் கொரிந்தியர் 16:22-இல், கர்த்தரிடத்தில் அன்பில்லாதவன் சபிக்கப்பட்டவன் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய கையோடு இந்த வார்த்தை வருகிறது. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் 'அனாதிமா மாரநாதா' என்று நடுவில் புள்ளி இல்லாமல் அச்சடித்துவிட்டதால், இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய சாபம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 'சபிக்கப்பட்டவன்' என்கிற முதல் சொல் கிரேக்கம், அடுத்தது இயேசு காலத்து யூதர்கள் பேசிய அரமேயம். இரண்டும் வேறு வேறு. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பிலோ 'கர்த்தர் வருகிறார்' என்று போட்டுவிட்டார்கள், அந்தச் சொல்லே நம் கண்ணில் படுவதில்லை.

தமிழ்க் காதுக்கு அது 'நாதா' என்று கேட்கும், ஆனால் அது தற்செயல். அரமேயத்தில் 'மார்' என்றால் ஆண்டவர், 'மாரன்' என்றால் நம் ஆண்டவர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் ஆயர்களை 'மார்' என்கிறார்களே, அதே சொல்தான். பழைய கிரேக்கப் பிரதிகளில், நம் ஏட்டுச்சுவடி மாதிரியே, சொற்களுக்கு இடைவெளி கிடையாது, பதம் பிரிப்பது படிப்பவர் பாடு. 'மாரன் அதா' என்று பிரித்தால் நம் ஆண்டவர் வந்தார். 'மாரனா தா' என்றால் எங்கள் ஆண்டவரே, வாரும்! என் மனசு இரண்டாவதில்தான் நிற்கிறது, ஏனென்றால் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலின் முடிவில் 'கர்த்தராகிய இயேசுவே, வாரும்' என்று கிரேக்கத்தில் இருப்பது இதே கூப்பிடுதல்தான்.

இன்னொன்றும் உண்டு. திதகே என்ற ஆதிச் சபை நூலின் கைப்பிரதி ஒன்று 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைத்தது. அதன் 10-ஆம் அதிகாரத்தில், வயிறார உண்டபின் சொல்லும் நன்றி ஜெபம் இருக்கிறது, அது 'மாரநாதா, ஆமென்' என்றுதான் முடிகிறது. சாப்பாட்டு மேசையில் சொன்ன வார்த்தை அப்பா! வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன?

கொரிந்துவில் பேசியது கிரேக்கம். ஆனாலும் பவுல் இதற்குப் பொருள் சொல்லவில்லை, சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யூதேயாவில் அரமேயம் பேசிய முதல் விசுவாசிகள் கூப்பிட்ட அதே சத்தம் கடல் தாண்டிப் போய், மொழி மாறாமல் அவர்கள் வாயிலும் இருந்திருக்கிறது. இந்தச் சொல் வருகிற வசனத்துக்கு முந்தின வசனத்தில்தான் இந்த வாழ்த்தை என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். அப்படியானால் அந்த அரமேயச் சொல் அவர் கையெழுத்திலேயே போயிருக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

வெட்டச் சொல். இடையின ர, வல்லின ற இல்லை, கல் வெட்டுகிறவரிடம் எழுதியே கொடுத்துவிடு. மச்சினரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அப்புறம், தேதி முடிவானதும் சொல், ரயிலுக்குப் பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
சாமுவேல்